சினிமா செய்திக்கும் விதி ஒன்றுதான்: தொலைக்காட்சிச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

செய்தி சேனல்களின் ஆசிரியர்களுக்கும், செய்தியாளர்களைக் களத்துக்கு அனுப்பும் அசைன்மென்ட் டெஸ்க்கிலும் ஒளிபரப்பைக் கவனிக்கும் அவுட்புட்டிலும் உட்கார்ந்து எது ஓட வேண்டும், எது ஓடக் கூடாது என்று முடிவெடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் பொழுதுபோக்குப் பிரிவில் வேலை செய்யும் தொலைக்காட்சிச் செய்தியாளர். நட்சத்திரப் பேட்டி, பட வெளியீடு, விருது விழா, திருமணம், விவாகரத்து, மருத்துவமனை வாசல், இறுதி ஊர்வலம் என்று இந்தத் துறையில் மைக்கோடு நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் நின்றிருக்கிறேன். இந்த வேலை எனக்குப் பிடிக்கும். சினிமாவும் இசையும் கோடிக்கணக்கான மக்களின் மனதில் இடம் பிடித்தவை. அவற்றைப் பற்றியும், அவற்றை உருவாக்குகிறவர்களைப் பற்றியும் சரியாகச் சொல்ல ஆள் வேண்டும் என்று நம்பித்தான் இதற்குள் வந்தேன். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அரசியல் செய்திக்கும் நீதிமன்றச் செய்திக்கும் என்ன விதி வைத்திருக்கிறீர்களோ, அதையே எங்கள் செய்திக்கும் வையுங்கள்.

ஒரு அமைச்சர் பதவி விலகிவிட்டார் என்று வாட்ஸாப்பில் யாராவது அனுப்பினால் என்ன செய்கிறீர்கள்? செய்தியாளரைக் கூப்பிடுகிறீர்கள். அமைச்சர் அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்கிறீர்கள். பதில் வரும்வரை திரையின் கீழே ஓடும் ஸ்க்ரோலில்கூட விடுவதில்லை. ஒரு நடிகை கணவரைப் பிரிகிறார் என்று அதே வாட்ஸாப்பில் வந்தால், கடைசியில் ஒரு கேள்விக்குறியைப் போட்டு உடனே திரையில் ஏற்றிவிடுகிறீர்கள். "விவாகரத்தா?" என்று கேட்டதோடு பொறுப்பு முடிந்துவிட்டதாக ஒரு நினைப்பு. வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் அந்தக் கேள்விக்குறியைக் கவனிப்பதே இல்லை. மறுநாள் காலையில் அந்த நடிகையின் அம்மாவுக்குச் சொந்தக்காரர்களிடமிருந்து போன் வரத் தொடங்கிவிடும்.

மரணச் செய்தியிலிருந்து தொடங்குகிறேன். நாம் செய்யும் சேதம் அங்கேதான் அதிகம்.

2025 நவம்பர் 11 அன்று இந்தி நடிகர் தர்மேந்திரா காலமாகிவிட்டதாகப் பல ஊடகங்கள் அறிவித்தன. அவர் அப்போது உயிரோடு இருந்தார். மகள் ஈஷா தியோல் மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. மனைவி ஹேமமாலினி, நடப்பது மன்னிக்க முடியாதது என்று பகிரங்கமாக எழுதினார். உண்மையில் அவர் காலமானது நவம்பர் 24 அன்று. அவரோடு இருக்க அந்தக் குடும்பத்துக்குக் கடைசியாகக் கிடைத்தது ஏறக்குறைய இரண்டு வாரம். அதிலும் ஒரு பகுதியை, "அவர் இறக்கவில்லை" என்று உலகத்துக்குச் சொல்வதில் செலவிட வைத்துவிட்டது நம் தொழில்.

இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வயதான நடிகர் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். வாசலில் மைக்குகள் வரிசையாக நிற்கின்றன. மருத்துவமனை தகவல் தர மறுக்கிறது. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது அவர்கள் கடமை. குடும்பத்தினர் போனை எடுப்பதில்லை. எடுக்காமல் இருப்பது அவர்கள் உரிமை. உள்ளே போய்விட்டு வந்த யாரோ ஒருவரின் முகம் வாடியிருந்ததை வைத்து ஒரு செய்தியாளர் தன் டெஸ்க்குக்கு "நிலைமை சரியில்லை போலிருக்கிறது" என்கிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு சேனல் "காலமானார்" என்று போட்டுவிடுகிறது. உடனே எனக்கு போன் வரும்: "அங்கே ஓடுது, நீ ஏன் இன்னும் கொடுக்கலை?" "சார், உறுதியாகலை" என்பேன். "போட்டுடலாம், தப்புன்னா அப்புறம் எடுத்துக்கலாம்" என்று பதில் வரும். அதற்குள் அந்த சேனலைப் பார்த்த ஒரு பிரபலம் இரங்கல் பதிவு எழுதியிருப்பார். அந்தப் பதிவைக் காட்டி இரண்டாவது சேனல் போடும். இரண்டு சேனல்களைக் காட்டி மூன்றாவது போடும். இப்போது கையில் மூன்று நான்கு ஆதாரம் இருப்பதுபோலத் தெரியும். ஒவ்வொன்றாகப் பின்னால் தேடிக்கொண்டு போனால் எல்லாமே அந்த ஒரு வாடிய முகத்தில்தான் போய் முடியும்.

செய்தி உண்மையாகவே இருந்தாலும் அவசரம் காயப்படுத்தும். 2020 ஜனவரி 26 அன்று கலிஃபோர்னியாவில் ஹெலிகாப்டர் விபத்தில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் இறந்தார். அவருடைய 13 வயது மகள் ஜியானா உட்பட அதில் இருந்த ஒன்பது பேரும் பலியானார்கள். பிரபலங்களைப் பற்றிய செய்தித் தளமான டிஎம்இசட் அதை முதலில் வெளியிட்டது. தகவல் சரிதான். ஆனால் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அதிகாரிகள் சொல்லி முடிப்பதற்கு முன்பே அது வெளியே வந்துவிட்டது என்று அந்த வட்டாரத்தின் காவல் தலைவரான ஷெரீஃப் செய்தியாளர் சந்திப்பில் கண்டித்தார். அதே நாளில் ஏபிசி தொலைக்காட்சியின் செய்தியாளர் ஒருவர், பிரையன்டின் நான்கு மகள்களும் ஹெலிகாப்டரில் இருந்ததாக நம்பப்படுகிறது என்று நேரலையில் சொன்னார். மற்ற மூன்று பெண்களும் அதில் இல்லை. அவர் மன்னிப்புக் கேட்டார், நிறுவனம் அவரை இடைநீக்கம் செய்தது. அந்தச் செய்தியாளர் மீது மட்டும் பழிபோட எனக்கு மனம் வரவில்லை. "நம்பப்படுகிறது", "சொல்லப்படுகிறது", "கூறப்படுகிறது" என்ற சொற்களைப் போட்டால் எதையும் சொல்லலாம் என்ற பழக்கத்தை அவருக்கும் எனக்கும் கொடுத்தது செய்தி அறைகள்தான்.

டிஆர்பி, அதாவது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு, என்பீர்கள். போட்டியை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஐந்து நிமிடம் பிந்திக் கொடுத்ததால் மக்கள் ஒரு சேனலை வெறுத்து ஒதுக்கியதை நான் பார்த்ததில்லை. ஒரு கலைஞர் போன நாளில் மக்கள் டிவி முன்னால் உட்காருவது அந்தக் கலைஞரின் வாழ்க்கையைத் திரும்பப் பார்க்கத்தான். முதல் படம், தோற்ற படங்கள், கூட நடித்தவர்கள் சொல்லும் கதைகள், எப்போதோ எடுத்த நீண்ட பேட்டி, இதெல்லாம் அவர்களுக்கு வேண்டும். அதைக் கொடுக்க மாதக்கணக்கில் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து தயார் செய்ய வேண்டும். அதற்கு ஒரு எடிட்டரும் ஒரு செய்தியாளரும் கேட்டால் ஆள் இல்லை என்கிறீர்கள். கடைசியில் அன்றைக்கு யூடியூபில் கிடைத்த நான்கு பாட்டுத் துண்டுகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறோம்.

ஆகவே மரணச் செய்திக்கு ஒரு விதி எழுதுங்கள். மருத்துவமனையின் அறிக்கை, அல்லது குடும்பத்தின் சார்பில் பேச உரிமை உள்ளவர் தன் பெயரைச் சொல்லித் தரும் உறுதி, இரண்டில் ஒன்று கைக்கு வராமல் ஒரு எழுத்துகூடத் திரைக்குப் போகக் கூடாது. இன்னொரு சேனல் ஆதாரம் ஆகாது. இரங்கல் பதிவும் ஆகாது. களத்தில் நிற்கும் செய்தியாளர் உறுதியாகவில்லை என்றால், டெஸ்க்கில் இருப்பவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் அதற்கு மேல் போகக் கூடாது.

மரணம் நடந்த பிறகு நாம் செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரி 24 அன்று நடிகை ஸ்ரீதேவி துபாயில் ஒரு ஹோட்டலில் இறந்தார். குளியல் தொட்டியில் மூழ்கியது விபத்து என்று அங்குள்ள அதிகாரிகள் அறிவித்தார்கள். அதற்கு நடுவே இந்தியச் செய்தி சேனல்கள் ஸ்டுடியோவுக்குள் குளியல் தொட்டியைக் கிராஃபிக்ஸில் கொண்டு வந்தன. செய்தியாளர் ஒருவர் தொட்டிக்குள்ளேயே படுத்துக் காட்டினார். ஐம்பது வருடம் நடித்த ஒரு பெண்ணின் நினைவு அந்த வாரம் முழுவதும் ஒரு தொட்டியாகச் சுருங்கிப் போனது. அந்த யோசனை களச் செய்தியாளரிடமிருந்து மட்டும் வந்திருக்காது. கிராஃபிக்ஸ் செய்ய ஒருவர், அனுமதி கொடுக்க ஒருவர், ஒளிபரப்ப ஒருவர் வேண்டும். அத்தனை மேசைகளைத் தாண்டி வந்தும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

தற்கொலைச் செய்தியில் இது உறுத்தலோடு நிற்பதில்லை, வேறு உயிர்களையும் எடுக்கிறது. பிஎம்ஜே மருத்துவ இதழில் 2020இல் வெளியான ஓர் ஆய்வு, அதுவரை நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பிரபலம் ஒருவரின் தற்கொலை ஊடகங்களில் வந்த பிறகு தற்கொலைகள் சராசரியாக 13 சதவீதம் கூடியிருந்தன. எந்த முறையில் இறந்தார் என்பதையும் ஊடகங்கள் சொன்னபோது, அதே முறையில் நடந்த தற்கொலைகள் 30 சதவீதம் கூடியிருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்தே ஊடகங்களுக்கு வழிகாட்டி வெளியிடுகிறது. 2023இலும் அதைப் புதுப்பித்தது. முறையைச் சொல்லாதீர்கள், இடத்தைக் காட்டாதீர்கள், ஒரே காரணத்தில் அடக்காதீர்கள், கடிதத்தைக் காட்டாதீர்கள், உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள் என்பதுதான் அதன் சாரம். அந்த வழிகாட்டி எந்தச் செய்தி அறைச் சுவரிலும் ஒட்டியிருந்து நான் பார்த்ததில்லை.

கட்டுப்பாடாக இருந்தால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1994 ஏப்ரலில் சியாட்டிலில் பாடகர் கர்ட் கோபேன் தற்கொலை செய்துகொண்டார். உலகமே பேசிய மரணம் அது. அவருடைய ரசிகர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். ஒரு பெரிய அலை வரும் என்று எல்லோரும் பயந்தார்கள். பிறகு ஆராய்ந்தவர்கள், சியாட்டில் வட்டாரத்தில் தற்கொலைகள் அப்படிக் கூடவில்லை என்று கண்டார்கள். நெருக்கடி உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள்தான் கூடியிருந்தன. அவருடைய இசையையும் அவர் இறந்த விதத்தையும் ஊடகங்கள் பிரித்துப் பேசியதும், உதவி எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

இதற்கு நேர் எதிராக நடந்ததையும் பார்த்தோம். 2020 ஜூன் 14 அன்று நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்த பிறகு மாதக்கணக்கில் ஸ்டுடியோக்கள் நீதிமன்றங்களாக மாறின. அவருடைய தோழி, குற்றம் எதுவும் நிரூபிக்கப்படுவதற்கு முன்பே, தினமும் இரவு பேனலில் தண்டிக்கப்பட்டார். அவர் காரை கேமராக்கள் துரத்தின. 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் இந்த ஊடக விசாரணையைக் கடுமையாக விமர்சித்துத் தீர்ப்பளித்தது. தற்கொலைச் செய்தி பற்றிப் பத்திரிகைகளுக்கு பிரஸ் கவுன்சில் வைத்திருக்கும் நெறிகளைத் தொலைக்காட்சியும் பின்பற்ற வேண்டும் என்றது. 2025 மார்ச்சில் சிபிஐ வழக்கை முடித்துக்கொள்ளும் அறிக்கையை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தது. அதற்கு நாம் ஒதுக்கிய நேரம் எவ்வளவு, 2020இல் ஒதுக்கிய நேரம் எவ்வளவு என்று உங்கள் ரன்டவுனை, அதாவது அன்றன்றைய செய்தி வரிசைப் பட்டியலை, எடுத்து நீங்களே பாருங்கள்.

அடுத்தது அந்தரங்கம். பிரபலம் என்றால் எல்லாமே பொதுச் சொத்துதான் என்று ஒரு வாதத்தை டெஸ்க்கில் அடிக்கடி கேட்கிறேன். 2004 ஜூனில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதைப் பற்றி ஒரு தீர்ப்பு சொன்னது. மொனாக்கோ இளவரசி கரோலின் கடைக்குப் போவது, குதிரையேற்றம், குழந்தைகளோடு இருப்பது போன்ற படங்களை ஜெர்மானிய இதழ்கள் வெளியிட்டிருந்தன. அந்தப் படங்கள் பொது நலன் சார்ந்த விவாதத்துக்கு ஏதாவது சேர்க்கின்றனவா என்பதைத்தான் நீதிமன்றம் முக்கியமான கேள்வியாக எடுத்துக்கொண்டது. சேர்க்கவில்லை என்று கண்டு, அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. டெஸ்க்கில் கேட்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. ஒரு நடிகர் வரி ஏய்த்தாரா, உடன் வேலை செய்தவரைத் துன்புறுத்தினாரா, தான் பயன்படுத்தாத பொருளை விளம்பரம் செய்கிறாரா என்றால் இந்தக் கேள்விக்குப் பதில் ஆம். அவர் மகள் பள்ளிக்கு என்ன உடையில் போனாள் என்றால் இல்லை. அவ்வளவு கடினமான கணக்கு இல்லை இது.

1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸில் இளவரசி டயானா இறந்ததை நினைத்துப் பாருங்கள். 2008இல் லண்டனில் நடந்த விசாரணையில் ஜூரிகள், அவர் காரை ஓட்டியவரின் அலட்சியத்தையும், பின்னால் துரத்தி வந்த வாகனங்களின் அலட்சியத்தையும் சேர்த்தே காரணமாகச் சொன்னார்கள். அந்த வாகனங்களில் வந்தவர்கள் தாமாக வரவில்லை. அந்தப் படங்களை வாங்க எங்கேயோ ஒரு டெஸ்க் இருந்தது. இன்றும் ஒரு நட்சத்திரத்தின் காருக்குப் பின்னால் பைக்கில் போகும் இளம் வீடியோகிராஃபர், உங்கள் சேனல் அந்த விஷுவலை வாங்கும் என்று நம்பித்தான் உயிரைப் பணயம் வைத்துப் போகிறார். வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டால் அவர் போகமாட்டார்.

சரி, பேட்டிக்கு வருகிறேன்.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு நட்சத்திரத்தின் எதிரில் உட்கார்ந்து பேசுவது பெரிய பாக்கியம். உள்ளே இருப்பது இதுதான்: ஒரு ஹோட்டல் அறை, பின்னால் பட போஸ்டர், இரண்டு நாற்காலி, ஒரு சேனலுக்கு ஐந்து அல்லது ஏழு நிமிடம். பல நேரம் கேமராவும் லைட்டும் படக்குழுவுடையது. முடிந்ததும் மெமரி கார்டை மட்டும் வாங்கிக்கொண்டு வர வேண்டும். கேள்விகளை முன்னாலேயே அனுப்பச் சொல்வார்கள். எதையெல்லாம் கேட்கக் கூடாது என்று ஒரு பட்டியல் வரும். படக்குழுவின் மக்கள் தொடர்பாளரான பிஆர்ஓ மூலையில் நின்று விரலைக் காட்டி, இரண்டு நிமிடம், ஒரு நிமிடம் என்று எண்ணுவார். காலையிலிருந்து அதே நாற்காலியில் இருக்கும் நடிகர், இருபதாவது முறையாக அதே பதிலைச் சொல்வார். அவர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. அவரும் களைத்துத்தான் இருக்கிறார்.

2015 ஏப்ரலில் பிரிட்டனின் சேனல் 4 நியூஸ் பேட்டியிலிருந்து நடிகர் ராபர்ட் டௌனி ஜூனியர் பாதியில் எழுந்து போனார். தன் புதிய படத்தைப் பற்றிப் பேச வந்தவரிடம், செய்தியாளர் கிருஷ்ணன் குருமூர்த்தி அவருடைய பழைய போதைப் பழக்கத்தையும் சிறை நாட்களையும் நோக்கிப் போனார். அப்போது எங்கள் துறையில் பெரிய விவாதம் நடந்தது. என் கருத்து இதுதான்: கேள்வி கேட்பது செய்தியாளரின் உரிமை, எழுந்து போவது பேட்டி கொடுப்பவரின் உரிமை. ஆனால் ஒரு மனிதனின் மிக மோசமான காலத்தைப் பற்றிக் கேட்க அந்த ஐந்து நிமிட நாற்காலி தகுந்த இடம் இல்லை. அதற்கு நேரம் வேண்டும், நம்பிக்கை வேண்டும், நான் அவர் வேலையைப் படித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும். நீங்கள் என்னிடம் "ஏதாவது சர்ச்சையாக வாங்கிட்டு வா" என்று அனுப்பும்போது இவை மூன்றுமே என்னிடம் இருப்பதில்லை.

பேட்டிக்கு நிபந்தனை போட்டிருந்தால் அதைத் திரையில் சொல்லுங்கள். "இந்தப் பேட்டியில் இன்ன விஷயங்களைக் கேட்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது" என்று ஒரு வரி போதும். பார்வையாளர் புரிந்துகொள்வார். படம் நன்றாக இல்லை என்று விமர்சனத்தில் சொன்னால் அடுத்த பேட்டிக்கு அழைப்பு வராது என்பதும் உங்களுக்குத் தெரியும். அழைப்பு நின்றால், விமர்சனம் எழுதியவரைக் கூப்பிட்டுக் கடிந்துகொள்ளாமல், அவர் பின்னால் நில்லுங்கள்.

அன்பளிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோல்டன் குளோப் விருதுகளை வழங்கி வந்த ஹாலிவுட் ஃபாரின் பிரஸ் அசோசியேஷன் வெளிநாட்டு ஊடகங்களுக்கு எழுதும் செய்தியாளர்களின் சங்கம். 2021 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் அதன் உள்விவகாரங்களை வெளிக்கொண்டு வந்தது. 87 உறுப்பினர்களில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. ஒரு தொடரின் படப்பிடிப்புத் தளத்தைப் பார்க்க முப்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் தயாரிப்பு நிறுவனத்தின் செலவில் பாரிஸ் போயிருந்தார்கள். 2022 விழாவை அமெரிக்கத் தொலைக்காட்சியான என்பிசி ஒளிபரப்ப மறுத்தது. 2023இல் அந்தச் சங்கமே கலைக்கப்பட்டது. படக்குழுவின் செலவில் விமானம், ஹோட்டல், பணக் கவர், பரிசுப் பெட்டி எதுவும் வேண்டாம், செலவை சேனலே ஏற்கும் என்று நீங்கள் சொல்லிவிட்டால் எங்களில் பெரும்பாலோருக்கு நிம்மதிதான்.

எங்கள் பிரிவு செய்யாமல் விடுவது எவ்வளவு என்பதுதான் இன்னும் பெரிய வருத்தம். 2017 அக்டோபர் 5 அன்று நியூயார்க் டைம்ஸ், தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மீதான பாலியல் குற்றச்சாட்டுகளை வெளியிட்டது. ஐந்து நாள் கழித்து செய்தியாளர் ரோனன் ஃபாரோ எழுதியது நியூயார்க்கர் இதழில் வந்தது. ஃபாரோ அந்த விசாரணையைத் தொடங்கியது என்பிசி தொலைக்காட்சியில். அங்கே அது ஒளிபரப்பாகவில்லை; செய்தி இன்னும் முழுமையாகத் தயாராகவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அடுத்த ஆண்டு அந்த இரண்டு இதழ்களும் புலிட்சர் பரிசைப் பகிர்ந்துகொண்டன. வைன்ஸ்டீனை விருது விழாவிலும் சிவப்புக் கம்பளத்திலும் பேட்டி எடுத்த கேமராக்கள் எத்தனை இருந்திருக்கும்! இந்தியாவில் மலையாளத் திரையுலகப் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா கமிட்டி 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அது வெளியே வந்தது 2024 ஆகஸ்டில். இடையில் இருந்த நாலரை ஆண்டுகளில் ‘அந்த அறிக்கை எங்கே’ என்று தினமும் கேட்டிருக்க வேண்டியது பொழுதுபோக்குச் செய்தியாளர்களின் வேலை. அது சினிமா செய்தி இல்லையென்றால் வேறு எது?

2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்சிகோவில் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில், ஒத்திகையின்போது துப்பாக்கி வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலைனா ஹட்சின்ஸ் இறந்தார். உலகம் முழுவதும் தலைப்புச் செய்தியில் முதலில் நின்றது துப்பாக்கியைக் கையில் வைத்திருந்த நடிகர் அலெக் பால்ட்வினின் பெயர். அன்று காலையில்தான் கேமராக் குழுவைச் சேர்ந்த பலர் வேலை நிலைமை சரியில்லை என்று செட்டை விட்டு வெளியேறியிருந்தார்கள். லைட்மேன், ஸ்டண்ட் கலைஞர், உதவி இயக்குநர், மேக்கப் கலைஞர் ஆகியோரின் வேலை நேரம், சம்பள பாக்கி, காப்பீடு, பாதுகாப்பு பற்றி நாங்கள் பேக்கேஜ் (படமும் பேச்சும் சேர்த்த செய்தித் தொகுப்பு) செய்து கொண்டு வந்தால், "முகம் யாரு?" என்று கேட்கிறீர்கள். தெரிந்த முகம் இல்லையென்றால் அது ரன்டவுனில் கீழே போகிறது, பிறகு காணாமல் போகிறது.

அப்படி இருக்க வேண்டியதில்லை என்பதற்கு 2023 சாட்சி. ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். நடிகர்கள் போராட்டத்தில் இருந்தவரை படத்தை விளம்பரப்படுத்தும் பேட்டி கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் சங்கத்தின் விதி. ஹோட்டல் அறைகள் காலியாயின. பொழுதுபோக்குச் செய்தியாளர்கள் ஸ்டுடியோ வாசலில் பதாகையோடு நின்றவர்களிடம் போய்ப் பேசினார்கள். ஸ்ட்ரீமிங்கில் ஓடும் தொடருக்கு எழுத்தாளருக்கு என்ன கிடைக்கிறது, ஒரு துணை நடிகரின் முகத்தைக் கணினியில் பதிந்து வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாமா என்றெல்லாம் மக்கள் தெரிந்துகொண்டார்கள். பேட்டிகள் நின்றபோது எங்கள் வேலை சிறுத்துவிடவில்லை.

எங்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய நடிகரின் படத்தைப் பற்றிச் சாதகமில்லாத ஒரு வரி சொன்னால் போதும், ரசிகர் பட்டாளம் செய்தியாளரின் போன் எண்ணைத் தேடிப் பிடிக்கும். பெண் செய்தியாளர் என்றால் வரும் செய்திகளை இங்கே எழுத முடியாது. என்னோடு வேலை செய்த ஒரு இளம் பெண், ஒரு சேனலில், இப்படி வந்த மிரட்டல்களை மேலதிகாரியிடம் காட்டினாள். "கொஞ்ச நாள் போனை ஆஃப் பண்ணி வைம்மா" என்பதுதான் அவளுக்குக் கிடைத்த பாதுகாப்பு. அரசியல் செய்தியாளருக்கு மிரட்டல் வந்தால் போலீசில் புகார் கொடுக்கிறீர்கள், திரையில் கண்டிக்கிறீர்கள். எங்களுக்கும் அதைச் செய்யுங்கள். சேனலின் பெயரில் புகார் கொடுங்கள். அவளைத் தனியாக விடாதீர்கள்.

இதில் எதற்கும் புதிய சட்டம் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. மரணச் செய்தி விதியையாவது இந்த வாரமே எழுதி, கையெழுத்துப் போட்டு, டெஸ்க்கில் ஒட்டுங்கள். நள்ளிரவு ஷிஃப்டில் தனியாக உட்கார்ந்திருக்கும், வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பையனோ பெண்ணோ, மற்ற சேனல்கள் எல்லாம் ஓட்டும்போது, "ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார், நான் போடமாட்டேன்" என்று சொல்ல அந்தக் காகிதம் வேண்டும். மற்ற விஷயங்களைப் பேச நேரம் கொடுத்தால், எந்த சேனலாக இருந்தாலும் நானே நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
பொழுதுபோக்குப் பிரிவில் பணிபுரியும் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர்